நடுவிலிருந்து வரும் சீட்டு

சீட்டு வித்தைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோலத் தெரியும் ஒன்று. வித்தைக்காரர் மேல்சீட்டைத்தான் போடுகிறார் என்று சத்தியம் செய்வீர்கள். வந்து விழுவதோ கட்டின் நடுவில் இருந்த சீட்டு! இதை ரசிக்க, இது எதற்காகப் பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேண்டிய சீட்டுகளைக் கட்டின் அடியில் பதுக்கிக்கொண்டு, அடியிலிருந்தே உருவிப் போடுவது சூதாட்ட மேசையின் பழைய மோசடி. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902-ல் சிகாகோவில் வெளியான நூல் அதை நுணுக்கமாக விளக்குகிறது. ஆனால் கலைத்த கட்டை எதிராளி வெட்டி வைத்தால், அடியில் இருந்தவை நடுவுக்குப் போய்விடும், பதுக்கியதெல்லாம் வீண். வெட்டிய பிறகும் நடுவிலிருந்து உருவ முடிந்தால்? அது சூதாடிகளின் கனவு.

1932-ல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் சிறையில் இருந்த மெக்சிகோ சூதாடி ஒருவர், அப்படிப் போடுகிற ஆளைத் தான் பார்த்திருப்பதாகச் சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னனிடம் சொன்னார். வெர்னன் லேசுப்பட்டவர் அல்ல; பத்து ஆண்டுகளுக்கு முன்பு புகழ்பெற்ற வித்தைக்காரர் ஹூடினியையே ஒரு சீட்டு வித்தையில் திணறடித்தவர். அப்படிப்பட்டவர் ஊர் ஊராக விசாரித்து, மிசௌரி மாநிலத்துப் ப்ளெசன்ட் ஹில் என்ற சிற்றூரில் அந்த ஆளை, ஆலன் கென்னடியை, கண்டுபிடித்தார். ஆண்டுக்கணக்கில் பழகிய கையால் கென்னடி அதைச் செய்து காட்டினார். கலைமேல் இவ்வளவு பசி கொண்ட வெர்னன் என்ற மாணவரை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

இனி, காணொளியில் இந்த வித்தையைப் பார்க்கும்போது திருட்டைப் பிடிக்க முயலாதீர்கள். வித்தைக்காரர் ஆட்டத்தில் பகிர்வதுபோல் சீட்டுப் போடும்போது, மற்றவர்களுக்கு விழும் சீட்டுகள் நேர்மையானவை. அவற்றின் தாளத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனக்குப் போட்டுக்கொள்ளும் முறை வரும்போதுதான் வேலை நடக்கும். இடக்கைக் கட்டைவிரல் மேல்சீட்டைத் தள்ளுவதுபோல் தள்ளி, பின்வாங்கும். அதே நொடியில் மற்ற விரல்கள் நடுச்சீட்டை வெளியே நீட்டும். அப்போதும் தாளம் தப்பவில்லை என்றால் அவர் மேதை.

காதுக்கும் வேலை உண்டு. இரண்டு சீட்டுகளுக்கு நடுவே உரசி வரும் சீட்டின் ஒலி சற்று வேறு. பார்வையற்ற வித்தகர் ரிச்சர்ட் டர்னரின் நிகழ்ச்சிகளைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் கையில் அந்த வேறுபாடும் ஏறக்குறைய மறைந்துவிடும்.

மேல்சீட்டை முகம் தெரியத் திருப்பி வைத்துப் போட்டுக் காட்டும் கலைஞர்களும் உண்டு. சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சீட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.