கடவுள் உண்மை வாதமும் சுட்டுப்பெயரும்: சிவஞானபோத முதல் நூற்பா

செயற்பொருளைக் கண்டு செய்தவன் ஒருவன் உண்டென உய்த்துணர்தல், கடவுள் உண்மையை நிறுவும் அளவை முறைகளுள் ஒன்றாகும். நியாய மரபில் உதயணரின் நியாயகுசுமாஞ்சலி இதனை விரிவாக ஆராய்கிறது. தமிழில் இவ்வாதத்தை நூற்பாவாக அமைத்தவர் 13ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார். அவர்தம் சிவஞானபோத முதல் நூற்பாவில் தருக்கம் இலக்கணத்தைச் சார்ந்தே நிற்றல் மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

நூற்பா ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் ஆகிய மூன்று சுட்டுப்பெயர்களோடு தொடங்குகிறது. சுட்டி அறியப்படும் பொருள் ஒவ்வொன்றும் தோன்றி, நின்று, அழிவது. எனவே உலகிற்கும் தோற்றமும் ஒடுக்கமும் உண்டு. ஒடுக்குவதே முதற்பொருள் என்பது வாதத்தின் போக்கு. சுட்டப்படுதல், பொருள் காட்சிக்கு உட்பட்டது என்பதை உணர்த்துகிறது.

ரௌரவாகமத்தின் பகுதி எனப்படும் வடமொழி வடிவமோ பெண், ஆண், நபும்சகம் என்னும் பெயர்ச்சொற்களைத் தொகையாக ஆள்கிறது. அங்குச் சுட்டு மறைந்து பால்வகை நிற்கிறது. மேலும், கர்த்தா உளன் என்பது அங்கு வெளிப்படையாகக் கூறப்படுகிறது. தமிழில் கர்த்தா என்னும் சொல் இல்லை. உளதாதலைக் கூறும் வினை உலகின்மேல் செல்கிறது. இறைவனைப் பற்றிய முடிவு 'அந்தம்', 'ஆதி' என்னும் இரு பெயர்களின் இயைபால், வினையின்றிப் பெறப்படுகிறது. இவ்விரு வடிவங்களுள் எது முந்தியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இரண்டும் ஒரே வாதத்தை ஒரே வகையில் மொழியவில்லை என்பது தெளிவு.

வாதத்தின் வலுவின்மையும் இலக்கணத்திலேயே புலப்படுகிறது. மூன்று ஒருமைச் சுட்டுகளும் 'அவை' என்பதில் தொகுக்கப்படுகின்றன. பகுதி ஒவ்வொன்றும் தோன்றி அழிவது கண்கூடு. முழுமையும் ஒருங்கே தோன்றிற்று என்பதற்கோ தனி ஏது வேண்டும். பன்மைச் சொல் அவ்வேதுவைத் தாராது. உலகின் உறுப்புகள் மாறினும் உலகு என்றும் உள்ளதே என்னும் மீமாம்சகர் மறுப்பு இவ்விடைவெளியிலேயே எழுகிறது. உலகு தோன்றியதே எனக் கொள்ளினும், காரணம் ஒன்றே என்பது தானே பெறப்படாது.

ஹாய்சிங்டன் (1854), நல்லசாமி பிள்ளை (1895), கார்டன் மேத்யூஸ் (1948) முதலியோர் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்துள்ளனர். இனிப் பெயர்ப்போர் 'படைத்தவன் உளன்' என வெளிப்பட மொழிந்தால், வாசகர் தாமே உய்த்துணர வேண்டிய முடிவு முன்னரே தரப்பட்டுவிடும். சுட்டினைச் சுட்டாகவும், இடைவெளியை இடைவெளியாகவும் பெயர்த்தலே வாதத்தை ஏற்பார்க்கும் மறுப்பார்க்கும் நேர்மை செய்வதாகும்.