வெண்ணெய் உருண்டையும் காலை வெயிலும்

2022-ல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உலகமே வந்தது. இப்படிப் போட்டிக்கு வருகிறவர் செல்போனில் என்ன மிஞ்சும்? வெண்ணெய் உருண்டையைக் கையால் தாங்குகிற அதே போஸ்! படம் மோசமில்லை; ஆனால், அதில் ஊர் இல்லை.

அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை வெயிலில்தான் சிற்பங்கள் எழுந்து நிற்கும். சாயங்காலம் மங்கிவிடும். கைதூக்கித் தவம் செய்கிற பூனையையும் காலடி எலிகளையும் எத்தனை மணிக்கு, எங்கே நின்று எடுப்பது? உள்ளூர் போட்டோகிராபருக்குத் தெரியும்.

'செல்போன் இருக்கே, அவர் எதுக்கு?' என்கிறீர்களா? காசு கேமராவுக்கு இல்லை சார், அந்தக் கண்ணுக்கு! அவர் தொழிலை விட்டுப் போனால், நஷ்டக் கணக்கில் உங்கள் ஆல்பமும் சேரும்.