ஒரே வரியில் ஸ்டாக் பட்டியல்!

இரவு பத்தரைக்கு எங்கள் கம்பெனியின் ஸ்டாக் பட்டியல் தானாகத் தயாராகிறது. அந்த நேரம் நான் மணவாள நகரில், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இந்த நிம்மதியைத் தந்தது பிஎஸ்க்யூஎல். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு இலவசமாகவே வரும் கறுப்புத் திரைக் கருவி.

காக்களூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் கணக்கு என் பொறுப்பு. முன்பெல்லாம் இரண்டாம் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்து, மவுஸைப் பிடித்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து, குவெரியை ஓட்டி, விடையை எக்செலில் ஒட்டி அனுப்புவேன். முக்கால் மணி நேரம் போய்விடும். இப்போது பிஎஸ்க்யூஎல் என்று அடித்து, பக்கத்தில் நாலைந்து ஆப்ஷன் சேர்த்து எழுதிய ஒரு வரிதான். குறித்த நேரத்தில் கம்ப்யூட்டரே அதை ஓட்டிவிடும். எஃப் போட்டால் குவெரி இருக்கும் ஃபைலைப் படிக்கும். ஓ போட்டால் விடையை இன்னொரு ஃபைலில் எழுதும். சின்ன டபிள்யூ போட்டால் பாஸ்வேர்ட் கேட்டு நிற்காது. அதைத் தனி ஃபைலில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன். ஆளில்லாத நேரத்தில் ஓடும் வேலைக்கு இது எவ்வளவு முக்கியம்!

எனக்கு உயிரான ஆப்ஷன் சிஎஸ்வி. முன்பு பெரிய ஏ போட்டு, எஃப்பைப் பெரிய எழுத்தாக்கி, காற்புள்ளியால் பத்திகளைப் பிரிப்பேன். எங்கள் பொருள் பெயர்களிலோ “போல்ட், ஹெக்ஸ், எம்8” என்று காற்புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். பெயர் மூன்றாக உடையும், எண்ணிக்கை இருக்க வேண்டிய பத்தியில் எம்8 வந்து உட்காரும். ஒருமுறை அதை அப்படியே பர்ச்சேஸுக்கு அனுப்பிவிட்டு நான் பட்ட பாடு! 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பு சிஎஸ்வி ஆப்ஷனைத் தந்தது. காற்புள்ளி உள்ள பெயரை அதுவே மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுகிறது. முதல் நாள் அந்த ஃபைலை எக்செலில் திறந்து, எல்லாம் அதனதன் பத்தியில் நிற்பதைப் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது.

அடுத்தது வி. ஷிஃப்ட் எண்ணை வெளியிலிருந்து கொடுக்கலாம். மூன்று ஷிஃப்டுக்கும் ஒரே குவெரி. ஆனால் குவெரியை சி ஆப்ஷனில் நேராக எழுதினால் இந்த மதிப்பு உள்ளே போகாது, ஃபைலில்தான் இருக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வாரம் தவித்தேன். நீங்கள் தவிக்க வேண்டாம்.

விலைப்பட்டியல் ஏற்றும்போது ஒன்று என்ற எண்ணை ஆப்ஷனாகப் போடுகிறேன். நடுவில் ஒரு வரி தவறினாலும் எதுவும் ஏறாது. பாதி பழைய விலை, பாதி புதிய விலை என்ற பேச்சே கிடையாது. இந்த நிதானம் எந்த அழகான திரையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பெர்க்லியில் ஆண்ட்ரூ யூவும் ஜாலி சென்னும் 1990-களின் நடுவில் போஸ்ட்கிரஸ்95-ஐக் கொண்டுவந்தபோது அதோடு பிறந்தது இந்தக் கருவி. எக்ஸ்போர்ட் பட்டனைத் தேடித் தேடிச் சலித்த ஸ்டோர்க்காரர்களே, இன்றைக்கே கறுப்புத் திரையில் பிஎஸ்க்யூஎல் என்று அடித்து, பக்கத்தில் இடம் விட்டு, இரண்டு கழித்தல் குறி போட்டு ஹெல்ப் என்று சேர்த்து அடியுங்கள். எல்லா ஆப்ஷனும் வரிசையாக வந்து நிற்கும். சிஎஸ்வியில் தொடங்குங்கள்.