செடி பாட்டுக் கேட்குமா?

கோடம்பாக்கம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது திரைப்படமும் பாட்டும்தான். அந்த வட்டாரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறந்த பாடல்களுக்குக் கணக்கில்லை. "இசை கேட்டால் செடி செழிக்கும் என்கிறார்களே! அப்படியானால் கோடம்பாக்கத்து வேப்பமரங்கள் தமிழ்நாட்டிலேயே ஓங்கி வளர்ந்திருக்க வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார்.

நல்ல கேள்விதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவர்கள் ஒலியை வெளியே விடாதவை. வாசலில் நிற்கும் மரத்துக்குக் கிடைப்பது ஆர்க்காடு சாலையின் பஸ் இரைச்சலே. மேலும், அதே வயதில், அதே மண்ணில், அதே அளவு நீர் பெற்று, இசை மட்டும் கிடைக்காத இன்னொரு மரம் அருகில் இருந்தால்தானே ஒப்பிட முடியும்? இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே குறையைப் புகழ்பெற்ற நூல் ஒன்றிலும் காணப்போகிறோம்.

செடிக்கு இசையூட்டிப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர் நம் தமிழ்நாட்டில் பணியாற்றியவர். அவர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் டி. சி. என். சிங். 1950ஆம் ஆண்டளவில் அவர் ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் செல்களை நுண்ணோக்கியில் நோக்கியபடி, இசைக்கவையை ஒலிக்கச் செய்தார். செல்லினுள் உயிர்ப்பொருளின் ஓட்டம் விரைவுபட்டதாகக் கண்டார். பின்னர் காசித்தும்பைச் செடிகளுக்கு இசை வாசிக்கச் செய்தார்; அவை 20 சதவீதம் கூடுதல் உயரம் வளர்ந்ததாக அறிவித்தார்.

இச்செய்தியை உலகறியச் செய்தது, பீட்டர் டாம்ப்கின்ஸ், கிறிஸ்டோபர் பேர்டு ஆகிய இருவரும் 1973இல் வெளியிட்ட 'தாவரங்களின் இரகசிய வாழ்க்கை' என்ற ஆங்கில நூல். 1960 முதல் 1963 வரை வயல்களில் ஒலிபெருக்கி வைத்ததில், நெல் விளைச்சல் அவ்வட்டாரச் சராசரியைவிட 25 முதல் 60 சதவீதம் மிகுந்தது என்று அந்நூல் கூறுகிறது.

இங்கே சற்று நில்லுங்கள். எதைவிட மிகுந்தது? வட்டாரச் சராசரியைவிட! நீர் எட்டாத வயல், பூச்சி விழுந்த வயல், உரமிடாத வயல் எல்லாம் சேர்ந்ததுதான் சராசரி. பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் இருக்கும் வயல், பாட்டு இல்லாமலே அதை மிஞ்சக்கூடும். ஒரே வயலைப் பல பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு இசை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருந்தால், விளைச்சல் கூடியதற்குக் காரணம் இசைதான் என்று சொல்ல இடமுண்டு. நூலாசிரியர்கள் இதைக் கேட்கவே இல்லை. வியப்பூட்டுவதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்நூலின் பெருங்குறை இதுவே.

அதனால் சிங் கேட்ட கேள்வியே வீண் என்று எண்ணிவிடாதீர்கள். ஒலி என்பது அதிர்வு. செடி அதிர்வை உணருமா என்பது நேர்மையான அறிவியல் வினா. அதற்கு இப்போது தெளிவான விடைகள் வந்துகொண்டிருக்கின்றன.

2014இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஹைடி ஏப்பல், ரெக்ஸ் காக்ராஃப்ட் என்னும் இருவர், கம்பளிப்புழு இலையைக் கடிக்கும்போது எழும் அதிர்வைப் பதிவு செய்தனர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியின் இலையில் அந்த அதிர்வை மட்டும் ஊட்டினர், புழுவை விடவில்லை. பிறகு உண்மைப் புழுக்களை விட்டபோது, அதிர்வு பெற்ற செடிகள் புழுவுக்கு ஒவ்வாத காரப்பொருளைக் கூடுதலாகச் சுரந்தன. கருவியைப் பொருத்தி அதிர்வு தராமல் விட்ட செடிகளையும் அவர்கள் வைத்திருந்தனர் என்பதைக் கவனியுங்கள். காற்றின் அதிர்வையும், தத்துப்பூச்சி ஒன்றின் 'பாட்டை'யும் கூட ஊட்டிப் பார்த்தனர். இவற்றுக்குச் செடி அவ்வாறு எதிர்வினை காட்டவில்லை. எதிரியின் பல் அதிர்வைக் கண்டுகொண்ட செடி, பாட்டைக் கண்டுகொள்ளவில்லை!

2019இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார், தேனீயின் ரீங்காரம் பட்ட மூன்று நிமிடங்களுக்குள் ஈனோத்தேரா என்னும் செடியின் பூந்தேனில் சர்க்கரைச் செறிவு கூடுவதைக் கண்டனர். ரீங்காரத்தைவிட மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலி அந்த மாற்றத்தை உண்டாக்கவில்லை. இவ்விரண்டிலிருந்தும் தெரிவது என்ன? செடிக்குப் பயன்படுவது அதன் பகையையும் உறவையும் அறிவிக்கும் அதிர்வே. இசையை அது சுவைக்கிறது என்பதற்கு இவற்றில் சான்றில்லை.

2023இல் மற்றொரு செய்தி வந்தது. நீரின்றி வாடிய தக்காளி, புகையிலைச் செடிகளிலிருந்து மணிக்குப் பல 'டிக்' ஒலிகள் எழுந்தன. அவை நம் செவிக்கு எட்டாத மீயொலிகள். "செடிகள் கதறுகின்றன" என்று தலைப்பிட்டால் படிக்கச் சுவைதான். ஆனால் நீர் ஏறும் குழாய்களில் காற்றுக்குமிழிகள் தோன்றி வெடிப்பதே காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. குமிழி வெடிப்பதை அழுகை என்பது, 1973ஆம் ஆண்டு நூல் செய்த பிழையையே திரும்பச் செய்வதாகும். கடன் வாங்கி வயலில் ஒலிபெருக்கி வைக்க எண்ணும் உழவருக்கு இந்தப் பிழை வெறும் சொற்பிழை அன்று. பணத்தோடு ஒரு பருவமும் போய்விடும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 40 கோப்பைகளில் ஒரே மண்ணிட்டுப் பச்சைப்பயறு விதையுங்கள். சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். இரு பகுதிக்கும் ஒரே வெளிச்சம், ஒரே அளவு நீர். ஒன்றின் அருகில் ஒலிபெருக்கி பாடட்டும். எட்ட இருக்கும் மற்றதன் அருகில் அதே வகை ஒலிபெருக்கி பாடாமல் இருக்கட்டும். 15 நாள் கழித்து, எது எந்தப் பகுதி என்றறியாத ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். வேறுபாடே இல்லை என்று வந்தாலும் தயங்காமல் குறித்து வையுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.