தற்காலப் பாரசீகக் காதற்பாட்டில் காதலர்

பாரசீகக் காதற்பாட்டில் இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்த மாற்றத்தை யாப்பின் மாற்றமாகவே கொள்வார் பலர். அடிகளின் அளவு நெகிழ்ந்தமையால் பாட்டும் புதிதாயிற்று என்பது அவர் கருத்து. அஃது ஒருபுடை உண்மையே. எனினும், காதலிப்பவர் யார், காதலிக்கப்படுபவர் யார் என்பதிலேதான் அம்மாற்றத்தின் உயிர்நிலை உள்ளது எனக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கசலில் காதலர்க்குப் பெயர் இல்லை. பெயர் சுட்டாமை அகத்திணை பயின்றார்க்குப் புதிதன்று. ஆயின் இங்குப் பாலும் சுட்டப்படுவதில்லை. பாரசீகத்தின் படர்க்கைச் சொல்லாகிய 'ஊ' என்பது அவன், அவள் என்னும் இரண்டற்கும் பொது. அதனால் 14ஆம் நூற்றாண்டினரான ஹாபிஸின் பாட்டில் வரும் காதலர் மானிடரோ, புரவலரோ, இறைவனோ என்னும் ஐயம் எளிதில் நீங்குவதில்லை. அவ்வையமே அப்பாட்டின் வளம். அவ்வளத்திற்கு ஒரு விலையும் உண்டு. ஹாபிஸின் காலத்தவரான ஜஹான் மலிக் காத்தூன் என்னும் அரசகுலப் பெண்மணி மிகப் பல கசல்களைப் பாடினார். பாடியவர் பெண் என்பதை அவற்றின் மொழி பெரும்பாலும் காட்டுவதில்லை. மரபு அக்குரலைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

நீமா யூஷீஜ் 1922இல் 'அஃப்சானே'யைப் பாடினார். நிலைபேறுடைய ஒன்றன்மேல் வைத்த காதலைப் பாடிய ஹாபிஸை விளித்து, அழியும் பொருளின்மேல் வைக்கும் காதலே மெய்யென அது வாதிடுகின்றது. அப்பாட்டின் சந்தமோ ஒழுங்கானது. அடியளவை அவர் நெகிழ்த்தது 1930களின் இறுதியிலேயாம். எனவே, காதற்கருத்தின் மாற்றம் யாப்பு மாற்றத்திற்கு முற்பட்டது என்பது தெளிவு.

1964இல் இரு நூல்கள் வெளிவந்தன. அகமது ஷாம்லூ, தாம் மணந்த ஆய்தாவின் பெயரையே 'கண்ணாடியில் ஆய்தா' என நூற்றலைப்பில் வைத்தார். பெயர் வந்தவுடன் புரவலர், இறைவன் என்னும் பிறபொருள்கள் விலகின. ஃபரூக் ஃபரூக்சாத்தின் 'மற்றொரு பிறப்பு' எனும் நூலிலோ பெண் தானே காதலிப்பவளாய்ப் பேசுகின்றாள். இலக்கணம் பால் காட்டாவிடினும், காதணியாகும் இரட்டைச் செர்ரிக்கனிகள் போன்ற பொருள்கள் பேசுபவள் பெண் என்பதை உணர்த்திவிடுகின்றன. அவர் பாட்டுகளை வாழ்க்கை ஒப்புதலாகவே கொண்டு பழித்தாரும் உளர். கூற்று நிகழ்த்துபவரையும் கவிஞரையும் ஒருவராகவே கொண்டமையால் நேர்ந்த பிழை அது.

இதற்கு மறுதலையாகச் சிமின் பெஹ்பஹானி (1927-2014) கசல் வடிவைக் கைவிடவில்லை. அருகிய சந்தங்களை எடுத்தாண்டு, உரையாடலையும் அன்றாட வாழ்வையும் பெண்ணின் குரலையும் அதனுள் புகுத்தினார். பழைய கலத்திலும் புதிய காதல் நின்றது.

அடி நெகிழுமுன்னரே காதல் மாறியது. அடி நெகிழாமலும் மாறியது. பொதுமையால் பெற்ற வளத்தின் ஒரு பகுதியைப் பாரசீகப் பாட்டு இழந்தது உண்மை. அவ்விழப்பிற்கு ஈடாக, ஆறு நூற்றாண்டுகட்கு முன்னரே பாடியும் பெண்ணாக வெளிப்படாத ஒரு குரலுக்கு இடம் கிடைத்தது. அவ்வீடு சிறிதன்று.