கையொப்ப முறையும் மரில்லியன் குழுவின் இசைத்தொகுப்புகளும்

இசைக்குழுவொன்று பதிவு நிறுவனத்தின் முதலீட்டை நாடாது, சுவைஞரிடமே முன்பணம் பெற்றுத் தொகுப்பை உருவாக்குவது இன்று பெருவழக்காகிவிட்டது. இதனைக் கலைஞர் பெற்ற விடுதலையாகக் கருதும் போக்கே திறனாய்வாளரிடம் மிகுதி. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை, இம்முறையின் முன்னோடியான மரில்லியன் என்னும் ஆங்கில ராக் குழுவின் இரு தொகுப்புகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1979இல் தோன்றிய இக்குழு இ.எம்.ஐ. நிறுவனத்தின்வழிப் புகழ் பெற்றுப் பின் அதனைவிட்டு நீங்கியது. 1997இல் அமெரிக்கப் பயணத்திற்குப் பொருளில்லை என்று குழுவினர் தெரிவித்தபோது, அந்நாட்டுச் சுவைஞர்கள் இணையத்தின் வாயிலாகத் தாமே ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டினர். முதற்குரல் கேட்போரிடமிருந்தே எழுந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. இதனால் துணிவுற்ற குழுவினர் அடுத்த தொகுப்பைப் பதிவு செய்யுமுன்னரே அதற்கு விலை பெற முனைந்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் முன்பணம் செலுத்தினர். 2001இல் வெளிவந்த அத்தொகுப்பே ‘அனராக்னோஃபோபியா’. ‘அனராக்’ என்பது ஒன்றில் வெறிகொண்டு திரிவோரை எள்ளும் ஆங்கில வழக்கு. பணம் தந்தவரையே செல்லமாகக் கேலி செய்யும் தலைப்பு இது. வள்ளலைப் பாடும் இரவலன் குரலில் இந்த உரிமை வாய்ப்பதரிது.

எனவே இம்முறையைப் புரவலர் மரபோடு இணைத்துப் பேசுவது முழுதும் பொருந்தாது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கத் திரட்டிய கையொப்பமே இதற்கு நெருங்கிய ஒப்புமையாகும். ஒருவரது பெருங்கொடைக்கு மாறாகப் பலரது சிறுதொகை நூலை அச்சேற்ற உதவியது. வேறுபாடும் உண்டு. சிந்தாமணி ஏட்டில் இருந்த நூல். கையொப்பமிட்டவர் தாம் பெறப்போவது இன்னதென அறிவர். மரில்லியனுக்குப் பணம் அனுப்பியவரோ இன்னும் இயற்றப்படாத பாடலுக்கு விலை தந்தனர். அவர்கள் வாங்கியது குழுவின் முந்தைய படைப்புகளின்மேல் கொண்ட நம்பிக்கையையே எனலாம்.

நிறுவனம் முற்றிலும் மறைந்ததா எனில், இல்லை. 2001ஆம் ஆண்டுத் தொகுப்பைக் கடைகளுக்குக் கொண்டுசென்றது அதே இ.எம்.ஐ. தான், ஆயினும் பதிப்புரிமை குழுவினரிடமே நின்றது. முதலீட்டாளர் என்ற நிலையிலிருந்து விநியோகிப்பாளராக நிறுவனம் இறங்கியதே உண்மையான மாற்றம்.

2004இல் வந்த ‘மார்பிள்ஸ்’ இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. இதற்கு இரு வடிவங்கள் உண்டு. முன்பணம் தந்தோர்க்குரிய பதிப்பு இரு வட்டுகளாக, அவர்தம் பெயர்கள் அச்சிட்ட ஏட்டுடன் வந்தது. கடைக்குச் சென்றதோ ஒரே வட்டு; நான்கு பாடல்கள் அதில் இல்லை. விடுபட்டவற்றுள் ஒன்று ஏறத்தாழ 18 நிமிடம் நீளும் ‘ஓஷன் கிளவுட்’. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியொருவராய்த் துடுப்பிட்டுக் கடந்த டான் ஆலம் நினைவாக அமைந்த பாடல் அது. தொகுப்பின் உயிர்நிலை அப்பாடலே என்பது என் துணிபு. அமைதியும் புயலும் மாறிமாறி வரும் அதன் கட்டமைப்பு, நீளத்தைக் குறைத்தால் சிதைந்துவிடும். தன்னந்தனியனைப் பற்றிய அப்பாடல் பல்லாயிரவர் சேர்ந்து தந்த பொருளால் பிறந்தது என்பதும் சுவையான முரண்.

இங்குதான் விடுதலை என்னும் கருத்து ஐயத்திற்குரியதாகிறது. நீண்ட பாடலை இயற்றும் உரிமை கிடைத்தது. ஆனால் அது அறிந்தோர் வட்டத்திற்குள் தங்கியது. புதிதாக வரும் கேட்போர் கடையில் பெற்றது குறைப் பிரதியே. சந்தைக்கென ஒன்றும் சுற்றத்திற்கென ஒன்றுமாகப் படைப்பு பிளவுறுவதை, பாடவேறுபாடுகளோடு பழகிய நாம் எளிதில் கடந்துவிடலாகாது. அதே ஆண்டு ‘யூ ஆர் கான்’ என்னும் தனிப்பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம் பெற்றதும் பெரிதும் பழைய சுவைஞரின் திரண்ட முயற்சியாலேயே ஆகும். அதனைப் புதியோர் வருகையாகக் கொள்ளவியலாது.

பின்னர் இம்முறை இடைத்தரகு நிறுவனங்களின் கைக்குச் சென்றது. 2009இல் தொடங்கிய பிளெட்ஜ்மியூசிக் வழியாகவே மரில்லியனும் தன் 2016ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு முன்பணம் பெற்றது. 2019இல் அந்நிறுவனம் வீழ்ந்தபோது, சுவைஞர் செலுத்திய தொகை பல கலைஞர்களைச் சென்றடையவே இல்லை. 1997இல் சுவைஞர்கள் தாமே முன்வந்து திரட்டிய நிதிக்கு இத்தகைய தரகர் எவரும் தேவைப்படவில்லை.