படைப்பும் படைத்தவரும்: கலைவழிச் சிகிச்சை குறித்த ஒரு மதிப்பீடு

உளநலத்திற்குக் கலை துணைசெய்யும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். எனினும், அங்கு மதிக்கப்படுவது படைப்பா, படைத்தவரா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பிரின்சோர்ன், பல மனநலக் காப்பகங்களிலிருந்து நோயாளிகளின் ஓவியங்களை ஹைடல்பெர்கில் திரட்டி, 1922இல் அவை குறித்த நூலை வெளியிட்டார். அதில் ‘போல்’ என்னும் புனைபெயரில் இடம்பெற்றவர் ஃபிரான்ஸ் கார்ல் பியூலர் என்னும் உலோகக் கைவினைஞர். அவர் 1940இல் கிராஃபெனெக்கில் நாஜிகளால் கொல்லப்பட்டார். 1933இலேயே மறைந்த பிரின்சோர்னை இதற்குப் பொறுப்பாக்க இயலாது. ஆனால், படைப்பைப் போற்றுவது படைத்தவரைக் காப்பதாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பிரேசில் மருத்துவர் நீசே ட சில்வேரா மாற்றுவழி ஒன்றைக் காட்டினார். மின்னதிர்ச்சிச் சிகிச்சையை ஏற்க மறுத்த அவர், 1946இல் ரியோ டி ஜெனிரோவின் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் அமைத்தார். 1952இல் அங்கேயே அருங்காட்சியகமும் நிறுவினார். ஒருவரின் ஓவியங்களைத் தொடர்வரிசையாக நோக்கியதும், உடனிருப்போரின் அன்பைச் சிகிச்சையின் பகுதியாகக் கருதியதும் அவரது அணுகுமுறையின் வலிமைகள்.

ஆயினும், யுங்கின் தொல்படிமக் கோட்பாட்டை அவர் பெரிதும் சார்ந்தமை ஒரு வரம்பாகும். வட்டவடிவ ஓவியம் ஒன்றை மானுடப் பொதுப்படிமமாக மட்டும் வாசித்தால், அதனை வரைந்தவரின் வறுமையும் தனிமையும் பார்வையிலிருந்து மறையும்.

ஆகவே, கலைவழிச் சிகிச்சையை மதிப்பிடுவோர் ஓவியத்தின் அழகையோ குறியீட்டையோ முதன்மை அளவுகோலாகக் கொள்ளலாகாது. தம் படைப்பைப் பற்றிப் பேச வரைந்தவருக்கு வாய்ப்புக் கிடைத்ததா, அவரது வாழ்நிலை மேம்பட்டதா என்பனவே முதலில் கேட்கப்பட வேண்டியவை.